சாவியை யார் கேட்டார்கள்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் பீனிக்ஸ் பகுதியில் இருக்கிறோம். என் மகள் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறாள். போன மாதம் அவளுடைய வாட்ஸ்அப் முகப்புப் படத்தை எடுத்து, நிர்வாண உடம்பு ஒன்றோடு ஒட்டி, மதரஸா கமிட்டி நடத்தும் பெற்றோர் குழுவில் யாரோ போட்டுவிட்டார்கள். அவளுக்குத் தனியாகவும் அசிங்கமான செய்திகள் வருகின்றன. கமிட்டித் தலைவர், "பேச்சு அடங்கட்டும், கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும், சபுர் செய்யுங்கள், பொறுமையாக இருங்கள்" என்றார். மறுநாளே வகுப்புச் சாவியையும் வருகைப் பதிவேட்டையும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஜொகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகன் வீட்டுக்கு அவளை அனுப்பிவிடலாமா?

பதில்: பாய், அந்தச் சாவியை உங்களிடம் யாராவது கேட்டார்களா? தலைவர் சொன்னது "கொஞ்ச நாள்". நீங்களோ பதிவேட்டையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வேலையை விட்டது உங்கள் மகள் இல்லை, நீங்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக்கூடக் கடிதத்தில் காணோம். பெற்ற அத்தாவே மறுநாள் சாவியும் கையுமாக வந்து நின்றால் கமிட்டிக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? 'ஏதோ இருக்கிறது, அதான் வீட்டாரே ஒதுங்கிக்கொண்டார்கள்' என்றுதான். படத்தைப் போட்டவனுக்கு வேண்டியதும் அதுவே. அவன் பாக்கி வைத்த வேலையை நீங்கள் முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

இப்படிக் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. ஊர் மாறும், கமிட்டியின் பேச்சு மாறாது. "முகப்பில் படம் ஏன் வைத்தாள்?" என்பார்கள். "மதரஸா பெயர் கெடும்" என்பார்கள். அப்புறம் சபுர். குழுவை நடத்துவது அவர்கள்; எந்த நம்பரிலிருந்து படம் வந்தது என்று அவர்கள் போனிலேயே இருந்திருக்கும். ஒரு பெற்றோரையாவது கூப்பிட்டு விசாரித்தார்களா? முஸ்லிமின் குறையை மறைப்பவருடைய குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற ஹதீஸையும் (நபிமொழி) சிலர் இந்த இடத்தில் எடுத்து நீட்டுவார்கள். உங்கள் மகளிடம் மறைக்க என்ன குறை இருக்கிறது? அவர்கள் மூடி வைப்பது அவன் குற்றத்தை.

குர்ஆனின் சூரத்துந் நூர் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். கற்புள்ள பெண்மீது பழி சொல்லி நான்கு சாட்சி கொண்டுவராதவனுக்கு 80 கசையடி, அதன்பின் அவன் சாட்சியம் எந்நாளும் செல்லாது. குர்ஆன் கணக்குக் கேட்பது பழி சொன்னவனிடம். நபியின் மனைவி அன்னை ஆயிஷா மீதே பழி வந்தது. கேட்டவுடனே 'இது அப்பட்டமான அவதூறு' என்று ஏன் சொல்லவில்லை என்று அதே சூரா முஃமின்களை, நம்பிக்கையாளர்களைக் கண்டிக்கிறது. அதற்குப் பிறகும் அவர் மூலம் இந்த உம்மத்துக்கு, முஸ்லிம் சமுதாயத்துக்கு வந்து சேர்ந்த ஹதீஸ்கள் 2000-க்கும் மேல். உங்கள் தலைவருக்கு இது தெரியாமலா இருக்கும்? பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டால் கண் கலங்கச் சொல்வார்.

உங்கள் மகளை அழைத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போங்கள். 2011-ஆம் ஆண்டுத் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவு கேட்க வக்கீல் வேண்டியதில்லை. அனுப்பியவன் யாரென்று தெரியாவிட்டாலும் போகலாம். அவன் விவரத்தைக் கொடுக்கும்படி போன் கம்பெனிக்கு உத்தரவிட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. போலீசிலும் புகார் கொடுங்கள். 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சைபர் குற்றச் சட்டத்தில் ஒட்டு வேலை செய்த நிர்வாணப் படமும் அடக்கம், 3 வருஷம் வரை சிறை. வருகிற செய்திகளை அருவருப்பில் அவள் அழித்துக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நம்பரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். படத்தை மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம், கேட்பது கமிட்டியாக இருந்தாலும்.

கமிட்டிக்கு அவள் பெயரில், அவள் கையெழுத்தில் ஒரு கடிதம் போகட்டும்: நான் ராஜினாமா செய்யவில்லை, என் சாவி எனக்கு வேண்டும், என்ன விசாரணை செய்தீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். வேலையில் வரும் தொல்லையைத் தடுப்பது முதலாளியின் பொறுப்பு என்கிறது 2022 மார்ச்சில் வந்த நடைமுறை விதி; ஆன்லைன் தொல்லையும் அதில் சேர்த்தி. சம்பளம் கொடுக்கிற மதரஸாவும் முதலாளிதான். நேரில் பேசித் தீர்க்கப் போகாதீர்கள். பேச்சில் அவர்கள் உங்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

ஜொகன்னஸ்பர்க் போக வேண்டும் என்று அவள் கேட்டாளா? கேட்டிருந்தால், புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் அண்ணன் வீட்டில் இருந்து வரட்டும். திரும்பி வர டிக்கெட்டும் சேர்த்தே எடுங்கள்.