30 பாக்ஸுக்கு மோல்டு போடணுமா?

கேள்வி: தென்னந்தோப்பு மோட்டாரை போன்லயே ஆன் ஆஃப் பண்ற மாதிரி ஈஎஸ்பி32ங்கற வைஃபை சிப் வச்சு ஒரு கண்ட்ரோலர் பண்ணிருக்கேன் சார், 30 பேர் கேட்டிருக்காங்க. த்ரீடி பிரிண்ட் பாக்ஸ் வெயில்ல வளைஞ்சு போச்சு. அலுமினியத்துல சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டற வெட்டு மெஷின்) பண்ணி வாங்கலாமா, இல்ல பிளாஸ்டிக் வார்க்க மோல்டே (அச்சு) போட்டுடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ரெண்டுமே வேணாம் தம்பி. வளைஞ்சது பிஎல்ஏங்கற பிளாஸ்டிக்கா இருக்கும், அது 60 டிகிரி கிட்ட போனாலே இளகிடும். மோல்டு ஆயிரக்கணக்குல பீஸ் போட்டா தான் கட்டுப்படியாகும். அலுமினியம்னா கட்டியைக் குடைஞ்சு தான் பாக்ஸ் எடுக்கணும், முக்கால்வாசி கட்டி சுருளா போயிடும், அதுக்கும் சேர்த்து மெஷின் நேரத்துக்கு காசு குடுக்கணும், போதாததுக்கு மூடின உலோகப் பெட்டிக்குள்ள இருந்து வைஃபை சிக்னல் வெளிய வராது, ஆன்டெனாவை வெளிய எடுக்கணும்.

ரெடிமேடா ரப்பர் கேஸ்கெட் வச்ச, தூசியும் பீச்சற தண்ணியும் உள்ள போகாத ஐபி65 ரக பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பாக்ஸ் கிடைக்குது, சாதா ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயில்ல மஞ்சளாகி நொறுங்கும், அதனால யூவி தாங்கறதா கேட்டு வாங்குங்க. அந்த பாக்ஸ்ல ஓட்டை மட்டும் விஎம்சி (ஒரு வகை சிஎன்சி) மெஷின் இருக்கற ஜாப் ஒர்க் பட்டறைல போட்டுக்கங்க. புரோகிராமும் செட்டிங்கும் ஒரு பீஸுக்கும் அதே வேலை தான் 30க்கும் அதே வேலை தான், அதனால மொத்தமா குடுங்க, ஆனா முதல் பீஸ் வந்ததும் அங்கயே நின்னு உங்க போர்டை மாட்டிப் பார்த்துட்டு தான் மிச்சத்தை ஓட்டச் சொல்லணும்.

இத நான் பட்டு சொல்றேன். ஒரு தடவை 20 பாக்ஸுக்கு யூஎஸ்பி சி சாக்கெட்டை வெர்னியர்ல அளந்து 9க்கு 3.2 மில்லிமீட்டர்னு டிராயிங் குடுத்தேன், பட்டறைல அச்சு அசலா அப்படியே வெட்டிக் குடுத்தாங்க, வீட்ல வந்து கேபிளை சொருகினா பிளக்கோட பிளாஸ்டிக் தலை பாக்ஸ் சுவர்ல முட்டி நிக்குது, பின் முழுசா உள்ள போகல. ரெண்டு ராத்திரி உக்காந்து 20 பாக்ஸையும் சின்ன அரத்தால ராவினேன். இப்பல்லாம் பிளக் தலையை அளந்து 13க்கு 7 போடறேன்.

ஓட்டை மூலை கூர்மையா வராது, 3 மில்லிமீட்டர் கட்டர்னா 1.5 ரேடியஸ் விழும், அத டிராயிங்லயே வரைஞ்சிடுங்க. மோல்டுல வந்த பாக்ஸோட சுவர் லேசா சரிஞ்சிருக்கும், அதனால மேல் விளிம்புல இருந்து அளக்காம போர்டு உக்கார்ற தூண்ல இருந்து அளவு குடுங்க. இரும்பு வெட்டித் தேஞ்ச கட்டரை வச்சா பிளாஸ்டிக் உருகி ஓரம் பிசிறாகும், கூலன்ட் ஆயில் சிலது பட்டா பாலிகார்பனேட் கொஞ்ச நாள் கழிச்சு முடி மாதிரி விரிசல் விடும், புது கட்டர் போட்டு காத்து மட்டும் அடிச்சு வெட்டச் சொல்லுங்க. கேபிள் எல்லாம் அடிப்பக்கமா கிளாண்ட் (கேபிளைச் சுத்தி இறுக்கற சீல்) போட்டு தான் இறங்கணும், இல்லன்னா ஐபி65ன்னு காசு குடுத்ததுக்கு அர்த்தமே இல்ல.

கேள்வி: அலுமினிய பாக்ஸ் அனோடைஸ் பண்ணி வந்ததும் எர்த் கிடைக்கல, ஏன்?
– வாசகி, ஓசூர்

பதில்: அனோடைஸ் பூச்சு அலுமினியம் ஆக்சைடும்மா, கரண்ட் கடத்தாது. எர்த் போல்ட் உக்கார்ற இடத்தை மட்டும் சுரண்டி பளபளன்னு உலோகம் தெரிஞ்சதும் பல்லு வச்ச வாஷர் போட்டு இறுக்குங்க, மல்டிமீட்டர்ல கண்டின்யூட்டி (கரண்ட் போக வழி இருக்கா) பாருங்க. அடுத்த செட்டுக்கு அந்த இடத்தையும் மரை போட்ட ஓட்டைகளையும் பூச்சு படாம மாஸ்க் பண்ணித் தரணும்னு டிராயிங்லயே எழுதிடுங்க.