ஒரே பட்டாலியன் மூன்று இடத்தில் நிற்குமா?
வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1942 அக்டோபரில் எகிப்தில் பிரிட்டிஷ் தரப்பும் ஜெர்மன்-இத்தாலியத் தரப்பும் மோதிய எல் அலமெய்ன் போரில் எந்தப் படை எந்த நாள் எங்கே நின்றது என்று போர் நாட்குறிப்புகளை (ஒவ்வொரு படையும் தன் நடவடிக்கையை அன்றாடம் எழுதிவைத்த பதிவு) வைத்து ஒரு வரைபடம் போட ஆரம்பித்தேன். ஒரே பட்டாலியனை அதன் சொந்த நாட்குறிப்பு ஓரிடத்தில் வைக்கிறது, மேலே இருக்கும் பிரிகேட் (சில பட்டாலியன்கள் சேர்ந்தது) இன்னோரிடத்தில், பக்கத்தில் நின்ற படை வேறொரு இடத்தில். யாரை நம்புவது?

பதில்: மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. பாலைவனத்தில் நின்ற ஒரு அதிகாரி நாட்குறிப்பில் எழுதிய கிரிட் எண் (வரைபடத்தின் கட்டங்களை வைத்து இடத்தைச் சொல்லும் எண்), அவர் எங்கே நிற்பதாக நினைத்தார் என்பதற்கான சாட்சி, அவ்வளவுதான். சுற்றிலும் சாலை இல்லை, ஊர் இல்லை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டையான தரை. வண்டியின் இரும்பு காந்தத் திசைகாட்டியை இழுத்துவிடும் என்பதால் பகலில் சூரியத் திசைகாட்டி, தூரத்துக்கு மைல் மீட்டர், இரண்டையும் வைத்துப் போட்ட மனக்கணக்குதான் அந்த ஆறு இலக்க எண். மணலில் சக்கரம் சுழன்றால் மீட்டர் ஓடும், வண்டி ஓடாது. ஆறு இலக்கம் என்றால் நூறு மீட்டர் சதுரம் வரை துல்லியம் என்று தோன்றும், ஆனால் 1:100,000 வரைபடத்தில் நூறு மீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டர், அதாவது மொட்டைப் பென்சில் வைக்கும் ஒரு புள்ளி.

இதற்கு உங்கள் போரிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. கிட்னி ரிட்ஜ் என்று எல்லோரும் சொல்லும் இடம் வரைபடத்தில் சிறுநீரக வடிவில் சுற்றி வந்த ஒரு சமஉயரக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு). அது மேடா பள்ளமா என்பதிலேயே அப்போது குழப்பம் இருந்தது. அதை ஒட்டி நின்ற பிரிட்டிஷ் முதல் கவச (டாங்கி) டிவிஷனும் 51-ஆவது ஹைலாந்து டிவிஷனும் (பிரிகேடுகள் சேர்ந்தது டிவிஷன்) தங்கள் ஆட்கள் வரைபடத்தில் எங்கே இருக்கிறார்கள் என்பதில் ஒத்துப்போகவே இல்லை, வித்தியாசம் பல நூறு மீட்டர். அக்டோபர் 26 இரவு ரைஃபிள் பிரிகேடின் இரண்டாவது பட்டாலியன் (பெயரில் பிரிகேட் இருந்தாலும் இது ஒரு பட்டாலியன்தான், வரைபடத்தில் பிரிகேட் சின்னம் போட்டுவிடாதீர்கள்) ஸ்னைப் என்ற இலக்கைப் பிடிக்க டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளுடன் இருட்டில் கிளம்பியது. போய்க் குழி வெட்டி உட்கார்ந்த இடம் திட்டமிட்ட இடம் அல்ல, அதிலிருந்து தள்ளி. விடிந்ததும் அவர்களைக் கண்ட 24-ஆவது கவச பிரிகேடின் டாங்கிகள் எதிரி என்று நினைத்துச் சுட ஆரம்பித்துவிட்டன. சொந்த டாங்கிக்காரனுக்கே தெரியாத இடத்தை எண்பது வருஷம் கழித்து மேசையில் உட்கார்ந்து நாம் ஒரு புள்ளியில் நிறுத்துவது என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டாமா?

அதனால் நான் கிரிட் எண்ணைக் கடைசியில்தான் தொடுவேன். முதலில் உறவுகள்: யாருக்கு வலப்பக்கம் யார், எந்தத் திசையிலிருந்து குண்டு வந்தது, எத்தனை கெஜத்தில் எதிரி டாங்கி தெரிந்தது, சூரியன் கண்ணில் அடித்ததா முதுகில் அடித்ததா. இதில் மனிதர்கள் அவ்வளவு சுலபமாகத் தவறுவதில்லை, ஏனென்றால் கண்ணால் பார்த்தது. இந்த உறவுகளை வெள்ளைத் தாளில் வலை மாதிரிப் போட்டுவிட்டு, அசையாத ஒரு பொருளில் கொண்டுபோய் மாட்டுங்கள். ரயில் பாதை, கல்லறை மாடம், விமானத்தளம், செங்குத்துச் சரிவின் விளிம்பு, எதுவானாலும் சரி. மாட்டிய பிறகு மொத்த வலையும் ஒரே பக்கமாக 800 மீட்டர் நகர்கிறது என்றால், ஒரு டிவிஷன் முழுவதும் ஒரே பிழையோடு எழுதியிருக்கிறது என்று அர்த்தம், அதைச் சேர்த்துத் திருத்திவிடலாம். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்த ஒன்றைத் தோண்டுங்கள்.

இன்னொன்று, பிரிகேட் நாட்குறிப்பில் வரும் எண் பெரும்பாலும் தலைமையகக் கூடாரத்தின் எண். பட்டாலியன் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் பரவிக் கிடக்கும். டாங்கிப் படை என்றால் இன்னும் மோசம், பகலில் சண்டைபோட்ட இடம் வேறு, இருட்டியதும் பின்வாங்கி வண்டிகளை நெருக்கி நிறுத்தித் தூங்கிய இடம் வேறு. நாட்குறிப்பில் பதிவாவது பல நேரம் தூங்கிய இடம்தான்.

கேள்வி: பிரிட்டிஷ் பதிவில் ஒரு தாக்குதல் இரவு 9.40-க்குத் தொடங்குகிறது, ஜெர்மன் பதிவில் 8.40. யாருடைய கடிகாரம் ஓடவில்லை?

பதில்: இரண்டும் ஓடின. அக்டோபர் 23-ஆம் தேதி அலமெய்ன் பீரங்கித் தாக்குதலைத்தானே சொல்கிறீர்கள்? எகிப்து அப்போது கோடை நேரத்தில் இருந்தது, கிரீன்விச்சுக்கு மூன்று மணி நேரம் முன்னால். ஜெர்மன் கோடை நேரம் இரண்டு மணி நேரம்தான் முன்னால். ஆனால் எல்லாப் போருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடாதீர்கள். 1941 நவம்பரில் எகிப்து சாதாரண நேரத்துக்குத் திரும்பியிருந்தது, ஜெர்மனியோ 1940 ஏப்ரலில் வைத்த கோடை நேரத்தைக் குளிர்காலத்திலும் மாற்றவில்லை, அதனால் கணக்குப்படி இரண்டு பக்கமும் ஒரே மணி வர வேண்டும். சந்தேகம் வந்தால் விடியல், அஸ்தமனம், நிலா உதயம் பற்றிய வரிகளைப் பார்த்துச் சரிபாருங்கள், சூரியன் யாருடைய உத்தரவுக்கும் கட்டுப்பட்டது அல்ல. கம்பியில்லாத் தந்திப் பதிவேட்டில் செய்தி எழுதிய நேரமும் வந்துசேர்ந்த நேரமும் தனித்தனியாக இருக்கும். நடுவே ஒரு மணி நேரம் இருந்தால் அதற்குள் படை நகர்ந்திருக்கும், அதனால் எழுதிய நேரத்தையே எடுங்கள்.

கேள்வி: எதிரியின் நாட்குறிப்பு அவசியமா? எனக்கு ஜெர்மன் தெரியாது.

பதில்: தெரியாவிட்டாலும் தேதி, மணி, இடப்பெயர், எண் இவை நாலும் கண்ணுக்குத் தெரியும், அதுவே பாதி வேலை. இரண்டு எதிரிகள் மோதிக்கொண்ட இடம்தான் வரைபடத்தின் நல்ல ஆணி, ஏனென்றால் மோதும்போது இருவரும் நிச்சயமாக ஒரே இடத்தில் இருந்தார்கள். 1941 நவம்பர் 22 மாலை ஜெர்மனியின் 15-ஆவது பான்சர் (டாங்கி) டிவிஷனின் எட்டாவது பான்சர் ரெஜிமென்ட் இருட்டில் போய் பிரிட்டிஷ் நான்காவது கவச பிரிகேடின் தலைமையகமும் எட்டாவது ஹஸார்ஸ் என்ற டாங்கிப் படையும் தங்கியிருந்த இடத்திலேயே இடித்துக்கொண்டது. இப்படி ஒரு சம்பவம் கிடைத்தால் அதை மையமாக வைத்து, இரண்டு பக்கத்தின் பகல் நகர்வையும் பின்னோக்கிப் போட்டு வாருங்கள், அந்த நாட்களில் சண்டை நடந்த லிபியாவின் சிதி ரெசெக் சுற்றுவட்டாரம் மெல்லப் பிடிபடும்.

ஆனால் எதிரில் யார் என்ற அடையாளத்தை ஒரு பக்கத்து வாக்குமூலத்தில் மட்டும் எடுக்காதீர்கள். 1942 மே 27 காலை லிபியாவின் பிர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேட் நசுக்கப்பட்டது. தன்மேல் வருவது ஜெர்மன் கவச டிவிஷன் என்று பிரிகேட் தெரிவித்தது, வந்ததில் பெரும்பகுதி இத்தாலியின் அரியேட்டே டிவிஷன். புழுதிக்குள் கொடி பார்த்து அடையாளம் சொல்ல முடியாது, பாவம். இப்படி நசுக்கப்பட்ட படைகளின் நாட்குறிப்பு பல சமயம் தப்பி வந்தவர் பிறகு நினைவிலிருந்து எழுதியது. சம்பவங்களின் வரிசைக்கு அதை நம்பலாம், எண்ணுக்கு நம்ப வேண்டாம்.

பிரிட்டிஷ் நாட்குறிப்புகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 169 வரிசையில் இருக்கின்றன, இந்தியப் படைகளுடையதும் அங்கேதான். ஆஸ்திரேலியப் படைகளுடையதை அவர்களின் போர் நினைவகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஜெர்மன் பதிவுகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் மைக்ரோஃபிலிமில், கோர் (டிவிஷன்கள் சேர்ந்தது) அளவில் டி-314 வரிசை, டிவிஷன் அளவில் டி-315. ஒரு எச்சரிக்கை: ஜெர்மானியர்கள் இடத்தை எப்போதும் கிரிட்டில் சொல்லவில்லை. வரைபடத்தில் இரண்டு இடத்துக்கு நடுவே ஒரு கோடு இழுத்து, அதில் இத்தனை தூரம், அங்கிருந்து வலம் அல்லது இடம் இத்தனை தூரம் என்று சொல்வது அவர்கள் பழக்கம். எந்தக் கோடு என்பது அன்றைய உத்தரவில் இருக்கும், அது கிடைக்காவிட்டால் அந்த எண் வெறும் எண்தான்.

கேள்வி: நாட்குறிப்பில் எந்தப் பகுதி அதிகம் உதவும்?

பதில்: பின்னிணைப்பு! எல்லோரும் முன்னால் உள்ள கதையை மட்டும் படிக்கிறார்கள். இருப்பிட அறிக்கை, செய்திப் பதிவேடு, வரைபடத்தின் மேல் வைத்து வரைந்த மெல்லிய தாள், இவை அன்றைக்கே எழுதியவை. மெல்லிய தாளில் மூலையில் இரண்டு சிலுவைக் குறியும் கிரிட் எண்ணும் இருக்கும், அதைப் பொருத்தினால் தாள் சரியாக உட்காரும். தாக்குதல் உத்தரவை மட்டும் இருப்பிடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது போகச் சொன்ன இடம், போன இடம் அல்ல.

கேள்வி: செயற்கைக்கோள் படத்தில் பதுங்குகுழிகள் தெரிகின்றன, நேரில் போய் அளக்கலாமா?

பதில்: படத்தில் பாருங்கள், நன்றாக உதவும், ஆனால் அந்தக் குழி எந்த மாதம் எந்தப் படை வெட்டியது என்று குழி சொல்லாது. ஒரே மேட்டில் இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். தரையில் நடப்பதானால் வேண்டவே வேண்டாம், எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் அந்தக் காலக் கண்ணிவெடிகள் இன்னும் புதைந்து கிடக்கின்றன.

கேள்வி: கடைசியில் வரைபடத்தில் புள்ளி வைப்பதா வேண்டாமா?

பதில்: புள்ளி வேண்டாம், வட்டம் போடுங்கள். ஸ்னைப் மாதிரி சண்டை முடிந்தபின் குழு ஒன்று நேரில் போய் எரிந்த டாங்கிகளை எண்ணிப்பார்த்த இடத்துக்குச் சின்ன வட்டம், நினைவிலிருந்து எழுதிய நாளுக்குப் பெரிய வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் தேதியும் மணியும் எந்த நாட்குறிப்பு என்பதும் பென்சிலில் இருக்கட்டும், நாளைக்கு இத்தாலியப் பதிவு ஒன்று கிடைத்தால் அழித்துப் போட வேண்டியிருக்கும்.