ஃபார்மட் செய்வதற்கு முன் டிவிடியிலிருந்து தொடக்கிப் பாருங்கள்

கேள்வி: என் கணவரின் மடிக்கணினியை இயக்கினால், தயாரிப்பாளரின் சின்னம் தோன்றி மறைந்தபின் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்ற வரி மட்டும் நிற்கிறது. வன்தட்டை ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட வேண்டும், உள்ளே இருப்பவற்றுக்குத் தாம் பொறுப்பில்லை என்கிறார் கடைக்காரர். மகளின் திருமணப் படங்களும் எங்கள் வட்டாரக் கோயிலின் பல வருடக் கணக்குகளும் அதில்தான் உள்ளன. என் அண்ணன் மகன் லினக்ஸ் மின்ட் கோப்பைப் பதிவிறக்கி ஒரு டிவிடியில் போட்டுக் கொடுத்தான். அதைப் போட்டாலும் அதே வரிதான் வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, முதலில் அந்தக் கணினியை யாரும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள். கணினி எழுவதற்கு வேண்டிய தொடக்கக் கோப்புகள் தன் கண்ணில் படவில்லை என்பதே அந்த வரியின் பொருள். படங்களும் கணக்குகளும் அழிந்துவிட்டன என்று அது சொல்லவில்லை. விண்டோஸின் தொடக்கப் பகுதி மட்டும் கெட்டு, மற்றவை அனைத்தும் பத்திரமாக இருக்கும் கணினிகள் ஏராளம்.

லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸைப் போன்ற வேறொரு இயங்குதளம்; அதை டிவிடியிலிருந்தே ஓட்டிக் கோப்புகளை வெளியே எடுக்கலாம் என்பதால், உங்கள் அண்ணன் மகன் சொன்ன வழி சரியானதே. டிவிடியை எழுதிய முறையில்தான் பிழை இருக்கக்கூடும். அந்த டிவிடியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். '.ஐஎஸ்ஓ' என்று முடியும் ஒரே ஒரு கோப்பு மட்டும் தெரிந்தால், மற்ற கோப்புகளைப் போல அதையும் நகலெடுத்துவிட்டார் என்று பொருள். டிவிடியிலிருந்து எழ முயலும் கணினி கோப்புகளின் பெயர்களைத் தேடுவதில்லை. தட்டு முழுவதும் 2048 பைட் கொண்ட சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் 17 என்று எண்ணிடப்பட்ட பகுதியில் தொடக்கக் குறிப்பு இருக்கிறதா என்று கணினி பார்க்கிறது. பீனிக்ஸ், ஐபிஎம் ஆகிய நிறுவனங்கள் 1995இல் 'எல் டொரிட்டோ' என்ற பெயரில் வகுத்த ஏற்பாடு இது. ஐஎஸ்ஓ கோப்பு என்பது ஒரு தட்டின் முழு வார்ப்பு என்பதால், அதை விரித்து எழுதினால்தான் அந்தக் குறிப்பு உரிய இடத்தில் போய் அமரும். விண்டோஸ் உள்ள எந்தக் கணினியிலும் அந்தக் கோப்பின்மேல் வலப்பக்கச் சொடுக்குப் போட்டு, 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் புதிய டிவிடியில் எழுதச் சொல்லுங்கள். லினக்ஸ் மின்ட் ஏறத்தாழ 3 ஜிபி அளவுதான்; 4.7 ஜிபி கொள்ளும் சாதாரண டிவிடியே போதும். சரியாக எழுதப்பட்ட தட்டைத் திறந்தால் பல கோப்புறைகள் தெரியும்.

டிவிடியை உள்ளே வைத்துக் கணினியை மறுபடி இயக்கி, சின்னம் தோன்றும் கணத்தில், எதிலிருந்து எழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் அது எஃப்12; எச்பியில் எஸ்கேப் அழுத்தியபின் எஃப்9; ஏசரிலும் எஃப்12தான் என்றாலும், எஃப்2 அழுத்தி பயோஸ் எனும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் சென்று அந்த மெனுவை முன்னதாக இயக்கிவைக்க வேண்டியிருக்கலாம். வரும் பட்டியலில் டிவிடி டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அதே பட்டியலில் வன்தட்டின் பெயரும் இருக்கிறதா என்று கவனியுங்கள். அங்கும் பயோஸிலும் அது தென்படவே இல்லையென்றால் வன்தட்டோ அதன் இணைப்போ பழுதாகியிருக்கக்கூடும்; அந்த நிலையில் எந்த டிவிடியாலும் பயனில்லை. வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்ற ஒலி விடாமல் வந்தால் உடனே கணினியை அணைத்துவிட்டு, தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவரிடம் கொண்டுசெல்லுங்கள். பழுதான வன்தட்டு ஓட ஓட மீட்கக்கூடியது குறைந்துகொண்டே போகும்.

டிவிடியிலிருந்து எழுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும், பொறுமையாக இருங்கள். இயங்குதளம் முழுவதும் டிவிடியையும் நினைவகத்தையும் கொண்டே நடப்பதால், நீங்களாகச் சொல்லாதவரை வன்தட்டில் எதுவும் எழுதப்படாது. திரையில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்ற படக்குறி இருக்கும். அதை மட்டும் தொடவே வேண்டாம். வன்தட்டை அழித்து நிறுவும் வழி அதற்குள் இருக்கிறது. கோப்பு மேலாளரைத் திறந்தால் இடப்பக்கத்தில் வன்தட்டு அதன் கொள்ளளவோடு தெரியும். அதற்குள் 'யூசர்ஸ்' என்ற கோப்புறையில் உங்கள் கணவரின் பெயரைத் திறந்தால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் இருக்கும். வெளிவன்தட்டு ஒன்றை இணைத்து, கோயில் கணக்குகளை முதலில் நகலெடுங்கள்: அளவில் சிறியவை, நொடிகளில் முடிந்துவிடும், திருமணப் படங்கள் சில உறவினரிடமாவது இருக்கக்கூடும், கணக்குகளுக்கு வேறு பிரதி இருப்பது அரிது. எல்லாம் முடிந்தபின், வெளிவன்தட்டிலிருந்தே சில படங்களைத் திறந்து பார்த்துவிட்டு அணையுங்கள். விண்டோஸை மறுபடி போடுவது பற்றிக் கடைக்காரரிடம் அதற்குப் பிறகு பேசலாம்.

கேள்வி: எனது புதிய மடிக்கணினியில் டிவிடி டிரைவே இல்லை. லோயாட் பிளாசாவில் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கலாமா, விரலியே (பென் டிரைவ்) போதுமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: விரலியே போதும், பல வகைகளில் அதுவே மேல். உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் பதிப்பின் ஐஎஸ்ஓ ஏறத்தாழ 6 ஜிபி என்பதால் சாதாரண டிவிடியில் அடங்காது. 8 ஜிபி விரலியில் ரூஃபஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு எழுதுங்கள். விரலியில் முன்பு இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மறந்துவிட வேண்டாம். டிவிடிக்கு ஒரே ஒரு மேன்மை உண்டு: ஒருமுறை எழுதி முடித்த டிவிடி-ஆர் தட்டில் எந்த வைரஸும் தன்னைப் புகுத்திக்கொள்ள முடியாது.

விண்டோஸ் 11 உடன் வந்த கணினி என்றால் ஒன்றில் எச்சரிக்கையாக இருங்கள். அவற்றுள் பலவற்றில் வன்தட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கிறது. விரலியிலிருந்து தொடக்கினாலும், 48 இலக்க மீட்புக் குறியீடு இல்லாமல் உங்கள் கோப்புகளைத் திறக்க முடியாது. அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே அதைத் தாளில் எழுதி வையுங்கள். உபுண்டுவும் மின்ட்டும் செக்யூர் பூட் (நம்பகமான தொடக்கக் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் காவல்) இயங்கும் நிலையிலேயே பெரும்பாலும் எழும் என்பதால், அந்த அமைப்பை வீணாக மாற்றாதீர்கள். மாற்றினால் அடுத்த முறை விண்டோஸே அந்தக் குறியீட்டைக் கேட்கக்கூடும்.

கேள்வி: விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், என் பழைய கணினியைத் தினமும் டிவிடியிலிருந்தே தொடக்கி இணைய வங்கிச் சேவைக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அந்த இலவச ஆதரவு முடிந்தது உண்மைதான். ஆனால் டிவிடியில் உள்ள உலாவி, அந்த ஐஎஸ்ஓ உருவான நாளோடு நின்றுவிடும். பாதுகாப்புத் திருத்தங்களைப் பதிவிறக்கினாலும் கணினியை அணைத்தவுடன் அவை போய்விடும். ஆகவே வங்கி வேலைக்கு இது நிலையான வழி ஆகாது. டிவிடியிலிருந்து தொடக்கி, ஒலி, வைஃபை, அச்சுப்பொறி மூன்றும் உங்கள் கணினியில் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். செய்தால், கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு லினக்ஸையே வன்தட்டில் நிறுவிக்கொள்ளுங்கள். 64 பிட் செயலியும் 4 ஜிபி நினைவகமும் இருந்தால் மின்ட் நன்றாகவே ஓடும்.