ஒரே புரோக்கரிடம் எல்லாவற்றையும் வைத்திருக்கலாமா?

கேள்வி: என் பல வருடச் சேமிப்பு, பங்குகளும் இண்டெக்ஸ் ஃபண்டுகளுமாக, ஒரே தரகு நிறுவனத்தில் இருக்கிறது. "பாதியை வேறு இடத்துக்கு மாற்று, ஒன்று மூழ்கினாலும் இன்னொன்று மிஞ்சும்" என்கிறார் அண்ணன். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இரண்டாவது கணக்கு திறப்பது நல்லதுதான். ஆனால் பாதிப் பாதியாகப் பிரிக்கத் தேவையில்லை, அண்ணன் சொல்லும் காரணமும் சரியில்லை.

ஒரே ஃபண்டை இரண்டு புரோக்கரிடம் வைத்தால் சந்தை ரிஸ்க் துளியும் குறையாது. விழுந்தால் இரண்டு கணக்கும் ஒரே நாளில் விழும்.

சரி, நிறுவனமே திவாலானால்? வங்கி டெபாசிட் என்பது நீங்கள் வங்கிக்குக் கொடுத்த கடன். புரோக்கர் மூலம் வாங்கிய பங்கு அப்படியல்ல, அது உங்கள் சொத்து. நிறுவனத்தின் சொந்தக் கணக்கோடு அதைக் கலக்கக் கூடாது என்பதுதான் விதி. இந்தியாவில் அது என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் டெபாசிட்டரியில் (பங்குகளை மின்னணு வடிவில் பதிந்து வைக்கும் அமைப்பு) உங்கள் பெயரிலேயே பதிவாகிறது. அமெரிக்காவில், திவாலான நிறுவனத்தில் வாடிக்கையாளர் சொத்து காணாமல் போயிருந்தால் எஸ்ஐபிசி அமைப்பு 5,00,000 டாலர் வரை ஈடுகட்டும், அதில் ரொக்கத்துக்கு 2,50,000 டாலர்தான். இந்த வரம்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி. ஆகவே உங்கள் தொகை உங்கள் நாட்டின் பாதுகாப்பு வரம்பைத் தாண்டினால், பிரிப்பதற்கு அது ஒரு நல்ல காரணம்.

விதியை நிறுவனமே மீறினால்தான் சிக்கல். 2011இல் எம்எஃப் குளோபல் என்ற அமெரிக்கத் தரகு நிறுவனம் திவாலானபோது வாடிக்கையாளர் பணத்தில் சுமார் 160 கோடி டாலர் குறைந்தது. கடைசியில் திரும்பக் கிடைத்தது, ஆனால் 2014 வரை இழுத்தது. இந்தியாவில் 2019இல் கார்வி என்ற தரகு நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளை அடமானம் வைத்திருந்தது, சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் உத்தரவில் வெளிவந்தது. அதனால் புரோக்கரின் ஆப் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். டெபாசிட்டரி நேரடியாக அனுப்பும் ஸ்டேட்மென்ட்டை வரும்போதெல்லாம் திறந்து பாருங்கள். பலர் அந்த மின்னஞ்சலைத் தொடுவதே இல்லை!

பணம் அழிவதைவிட, தேவைப்படும் நேரத்தில் கைக்கு வராமல் போவதுதான் அடிக்கடி நடக்கிறது. யாரோ உங்கள் கணக்கில் நுழைய முயன்றார்கள் என்று நிறுவனமே அதை முடக்கலாம். போன் நம்பர் மாறி ஓடிபி வராமல் போகலாம். 2020 மார்ச் 2 அன்று ராபின்ஹுட் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தகச் செயலி வர்த்தக நேரத்தில் செயலிழந்து கிடந்தது. இப்படிப்பட்ட நாட்களுக்குத்தான் இரண்டாவது கணக்கு. சில மாதச் செலவுக்கான தொகையை, உடனே விற்கக்கூடிய ஃபண்டில், அங்கே வையுங்கள். பாதுகாப்பு வரம்பைத் தாண்டாதவரை அதற்கு மேல் வேண்டாம் என்பேன். இப்போதே திறந்துவிடுங்கள், நெருக்கடி வந்தபின் கேஒய்சி முடியக் காத்திருக்க முடியாது.

இரண்டு பிராண்டு பெயர்களுக்குப் பின்னால் ஒரே தாய் நிறுவனமோ ஒரே கிளியரிங் நிறுவனமோ (வர்த்தகங்களை முடித்துக் கொடுக்கும் நிறுவனம்) இருப்பதுண்டு. அப்படியானால் பிரித்தும் பயனில்லை. இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றாலும் அதே கதைதான்.

மூன்று, நான்கு என்று போகாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பராமரிப்புக் கட்டணம், வரிக் கணக்கு, நாமினி. அப்புறம், உங்களுக்கு ஏதாவது ஆனால் வீட்டிலுள்ளவர்கள்தான் எந்தக் கணக்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். சலுகைக்காகத் திறந்து மறந்துபோன கணக்குகள் நிறைய பேரிடம் உண்டு.

மாற்றும்போது விற்றுவிட்டு மறுபடி வாங்காதீர்கள், லாபத்துக்கு வரி விழும். பங்குகளை அப்படியே புதிய கணக்குக்கு மாற்றக் கேளுங்கள். ஃபண்டுகளில் சில மாற்ற முடியாதவையாக இருக்கும், அதை முன்கூட்டியே விசாரியுங்கள். பழைய கணக்கில் மார்ஜின் வசதியோ (புரோக்கரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்குவது), பங்குகளைக் கடன் கொடுக்கும் ஒப்புதலோ தெரியாமல் இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.