கேள்வி பதில்: கடலில் கழித்த நாளுக்குக் கணக்கு

கேள்வி: ஐயா, வணக்கம். வாரநாளில் மென்பொருள் வேலை; சனி, ஞாயிறில் அனாபொலிஸில், மீன்பிடிக்க வாடகைக்கு விடும் சார்ட்டர் படகில் கேப்டன். அமெரிக்கக் கடலோரக் காவல்படை தருகிற, ஆறு பயணிகள் வரை ஏற்றிச்செல்லும் 'சிக்ஸ் பேக்' லைசென்ஸ் வைத்திருக்கிறேன். அது முடிய இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது. புதுப்பிக்க, கடந்த ஐந்து ஆண்டில் 360 நாள் கடல் சேவை காட்ட வேண்டுமாம். நான் எதையும் எழுதி வைக்கவில்லை. முதல் மூன்று சீசன் நான் ஓட்டிய படகின் உரிமையாளர் போன குளிர்காலத்தில் காலமாகிவிட்டார். படகையும் விற்றுவிட்டார்கள். இனி யாரிடம் கையெழுத்து வாங்குவது? சொந்தமாக 22 அடிப் படகு ஒன்று உண்டு, ஆனால் அது குடும்பத்தோடு போவதற்கு மட்டும். வழி சொல்லுங்கள்.
வாசகர், மேரிலாந்து

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். 'குடும்பத்தோடு போவதற்கு மட்டும்' என்று ஒதுக்கிவிட்டீர்களே, அந்த 22 அடிப் படகுதான் உங்களைக் கரை சேர்க்கப் போகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டிய நாள்தான் கடல் சேவை என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். மனைவி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செவர்ன் ஆற்றிலிருந்து தாமஸ் பாயின்ட் கலங்கரை விளக்கம் வரை போய், தூண்டில் போட்டுத் திரும்பிய நாளும் கடல் நாள்தான். படகு ஓட்டத்தில் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். துறையில் கட்டிப்போட்டு எஞ்சின் துடைத்த நாளைச் சேர்க்கக் கூடாது.

ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம்? விதிப்படி எட்டு மணி. 100 டன்னுக்குக் குறைந்த படகுகளின் ஓட்டம் அப்படி அமைவதில்லை என்பதால் நான்கு மணி வரை இறங்கி வந்து அதையும் ஒரு நாளாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே கிடையாது. மூன்றரை மணி நேர மாலைச் சவாரியை நாள் என்று எழுதாதீர்கள். காலையில் நாலு மணி, மாலையில் நாலு மணி என்று இரண்டு சார்ட்டர் அடித்தாலும் அது ஒரே நாள்தான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 360-ஐ ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 72. நம் செசபீக் விரிகுடாவில் ஏப்ரலில் தொடங்கி நவம்பரில் முடிகிற சீசன் ஏறக்குறைய 32 வாரம். சனி, ஞாயிறு இரண்டும் தவறாமல் போனாலும் 64 நாள்தான். காற்று, மழை, பிள்ளையின் அரங்கேற்றம், ஊரிலிருந்து வந்த விருந்தாளி எல்லாம் போக 50 மிஞ்சினால் பெரிது. ஆக, வார இறுதியில் மட்டும் ஓட்டுகிற ஆள் 72-ஐத் தொடுவதே கடினம். ஐந்து ஆண்டுக்கு 250 நாள் வரும், 110 குறையும். அந்த 110-ஐத்தான் உங்கள் சொந்தப் படகு தர வேண்டும். ஜூன், ஜூலையில் எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தண்ணீரில் இறங்கி எட்டேகாலுக்குக் கரை ஏறிய மாலைகள் எத்தனை என்று உட்கார்ந்து யோசியுங்கள். நடந்ததைத்தான் எழுத வேண்டும். ஆனால் நடந்ததில் பாதியை நீங்கள் எண்ணவே இல்லை. போதாக்குறைக்கு, லைசென்ஸ் முடிவதற்குள் கிடைக்கிற நாட்களும் கையில் இருக்கின்றன.

அடுத்து, காலமான உரிமையாளர். கூட்டாட்சி விதித் தொகுப்பின் 46-ஆம் தலைப்பில் 10.232 என்ற பிரிவை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். 200 டன்னுக்குக் குறைந்த படகாக இருந்தால், சொந்தப் படகுக்காரர் தன் சேவைக்குத் தானே சான்று சொல்லலாம், உரிமை ஆவணம் இணைக்க வேண்டும். படகு சொந்தமில்லை என்றால், உரிமையாளரிடமிருந்தோ லைசென்ஸ் உள்ளவர்களிடமிருந்தோ கடிதம் அல்லது வேறு சான்று பெற வேண்டும். அந்த இரண்டாவது வாய்ப்பை யாரும் கவனிப்பதில்லை. அந்தப் படகில் உங்களோடு மாறிமாறி ஓட்டிய இன்னொரு கேப்டன் இருந்திருப்பார். நீங்கள் எந்தெந்த நாள் ஓட்டினீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் அவர் எழுதித் தரலாம். உரிமையாளரின் மனைவியையும் போய்ப் பாருங்கள். படிவத்தை நீட்டிக்கொண்டு போக வேண்டாம். துக்கம் விசாரித்துவிட்டு, சார்ட்டர் பதிவு நோட்டு பழைய பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். மேரிலாந்தில் சார்ட்டர் படகுகள் தாங்கள் பிடித்த மீனுக்கு மாநில இயற்கை வளத் துறைக்குப் பதிவு கொடுக்க வேண்டும், அதன் பிரதியும் அந்தப் பெட்டியில் இருக்கக்கூடும். அவர் உங்களுக்குக் கொடுத்த 1099 வரித் தாள், உங்கள் கைப்பேசியில் தேதியோடு கிடக்கும் மீன் படங்கள், டீசல் ரசீது, படகு போன வழியை வரைபடத்தில் காட்டும் சார்ட் பிளாட்டரில் மிஞ்சிய தடங்கள் எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் அந்த இன்னொரு கேப்டனை அழைத்து உட்காரவைத்து, மாதம் மாதமாக எண்ணுங்கள்.

இதைத் தெரிந்துதான் சொல்கிறேன். என் முதல் புதுப்பித்தலின்போது என்னிடமும் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. எங்கள் அடுப்படிச் சுவரில் இந்திய மளிகைக் கடையில் சும்மா கொடுக்கிற மாதக் காலண்டர் தொங்கும். ராகு காலம், அமாவாசை எல்லாம் போட்டது. நான் விடியற்காலையில் படகுக்குப் போகிற நாளென்றால், சாப்பாடு கட்ட வேண்டும் என்பதற்காக என் மனைவி அந்தக் கட்டத்தில் பென்சிலால் 'பு' என்று எழுதிவைப்பாள். பு என்றால் புளியோதரை. பிள்ளைகள் பின்பக்கம் படம் வரையட்டும் என்று பழைய காலண்டர்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். ஐந்தில் நான்கு ஆண்டுக் காலண்டர் கிடைத்தது. இரவு இரண்டு பேரும் தரையில் விரித்துப் போட்டு 'பு'வை எண்ணினோம். ஒரு மே மாதத்தின் பின்னால் என் மகள் வரைந்த படகில் நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் காலண்டரை நான் சான்றாக அனுப்பவில்லை. அதை எடுத்துக்கொண்டு படகு உரிமையாளரிடம் போனேன். அவருடைய பதிவு நோட்டோடு வைத்து வரிவரியாகப் பார்த்தோம். காற்று அடித்து ரத்தான நாட்களை அவர் சிவப்பு மையால் அடித்திருந்தார். சாப்பாடு கட்டியும் படகு கிளம்பாத அந்த 11 நாளையும் கழித்தோம். மிச்சத்துக்குத்தான் அவர் கையெழுத்துப் போட்டார். அந்த 11-ஐ விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. கடல் சேவைப் படிவத்தில் பொய் எழுதுவது கூட்டாட்சிக் குற்றம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆறு உயிரை நம்பி ஏற்றுகிற ஆள் கடலில் எத்தனை நாள் நின்றான் என்பதற்குத்தான் இந்தக் கணக்கே கேட்கிறார்கள்.

படிவத்தின் பெயர் சிஜி-719எஸ். ஒரு படகுக்கு ஒரு தாள். இரண்டு படகை ஒரே தாளில் எழுதாதீர்கள். படகின் பெயர், மாநிலப் பதிவு எண் அல்லது கூட்டாட்சி அதிகாரபூர்வ எண், நீளம், அகலம், ஆழம், டன், எஞ்சின் வகை, நீங்கள் பார்த்த பொறுப்பு, எந்த நீர்நிலை, மாதவாரியாக எத்தனை நாள், சராசரியாக எத்தனை மணி நேரம், கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று போகும். நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் 'ஆழம்'. படகு தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கும் என்பதை எழுதிவிடுகிறார்கள். கேட்பது படகின் உடலாழம், அதாவது மேல்தட்டிலிருந்து அடிப்பாகம் வரை. டன் தெரியவில்லை என்றால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, 0.67-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுங்கள். உங்கள் படகு 22-க்கு 8-க்கு 4 என்று வைத்துக்கொண்டால் 4.7 டன் வரும். பாய்மரப் படகாக இருந்தால் 0.67-க்குப் பதில் 0.5.

விரிகுடாவையும் திறந்த கடலையும் பிரிக்கிற எல்லைக் கோட்டுக்கு உள்ளே எத்தனை நாள், வெளியே எத்தனை நாள் என்றும் கேட்பார்கள். செசபீக்கின் வாயில் கேப் சார்லஸுக்கும் கேப் ஹென்றிக்கும் இடையே அந்தக் கோடு போகிறது. நீங்கள் அனாபொலிஸைச் சுற்றியே ஓட்டியதால் எல்லாமே உள்ளே. கடைசியாக, முப்பது நாள் மாதத்தில் 31 என்று எழுதிவிடாமல் ஒரு முறை சரிபாருங்கள். களைத்துப்போய் எழுதும்போது இது நடக்கும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர். லைசென்ஸில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், படகுப் பதிவில் வெறும் இனிஷியலாக இருக்கும், காப்பீட்டில் முன்பின் மாறியிருக்கும். உரிமை ஆவணத்தை வாங்கிப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே ஆள் என்பது எப்படித் தெரியும்? அனுப்புவதற்கு முன்பே பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் 360 தேறவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். நாள் கணக்குக்குப் பதிலாக, புத்தகத்தைப் பார்த்தே எழுதுகிற தேர்வு உண்டு. அங்கீகரித்த புத்தாக்கப் பயிற்சியும் உண்டு. இரண்டில் ஒன்றை முடித்தாலும் புதுப்பிக்கலாம். 290 நாளை 360 ஆக்கிக் காட்டுவதைவிட அந்தத் தேர்வை எழுதுவது ஆயிரம் மடங்கு மேல். விண்ணப்பத்தோடு மருத்துவப் படிவமும், 185 நாளுக்குள் எடுத்த போதைமருந்துப் பரிசோதனையும் வேண்டும். எல்லாம் கடைசியில் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் இருக்கும் தேசியக் கடல்சார் மையத்துக்குப் போகும். காலமானவரின் படகுக்கு நீங்கள் சேர்த்த சான்று போதுமா என்று அங்கே முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அதில் வெட்கம் வேண்டாம்.

கேள்வி: என் கணவரின் கேப்டன் லைசென்ஸ் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. முதுகு அறுவை சிகிச்சையில் இருந்ததால் கவனிக்கவில்லை. எல்லாம் போய்விட்டதா? சும்மா ஒரு மணி நேரம் ஓட்டினால் தவறா?
வாசகி, நியூ ஜெர்சி

பதில்: போகவில்லை அம்மா. முடிந்த தேதியிலிருந்து ஓர் ஆண்டு வரை, வழக்கமான புதுப்பித்தல் போலவே விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த அவகாசம் விண்ணப்பிக்கத்தான். காலாவதியான லைசென்ஸை வைத்துக்கொண்டு கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றக் கூடாது, ஒரு மணி நேரம்கூட. உங்கள் சொந்தப் படகில் உங்களை ஏற்றிக்கொண்டு போவதற்கு இந்த லைசென்ஸே தேவையில்லை, அதைத் தாராளமாகச் செய்யட்டும். முதுகு சம்மதித்தால் அந்த நாட்களும் கணக்கில் ஏறும். ஓராண்டு தாண்டிவிட்டால் அங்கீகரித்த பயிற்சியோ முழுத் தேர்வோ மறுபடி எழுத வேண்டிவரும். இனி வேலைக்குப் போக மாட்டார், தகுதியை மட்டும் விடாமல் வைத்திருக்க வேண்டும் என்றால் 'தொடர்ச்சி ஆவணம்' என்று ஒன்று தருகிறார்கள். அதை வைத்துப் படகு ஓட்ட முடியாது. உழைத்து வாங்கியது கைநழுவாமல் இருக்கும். அவருக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் மகளுக்கு 17 வயது. கோடை விடுமுறையில் சுற்றுலாப் படகில் டெக்ஹேண்டாக இருக்கிறாள். கேப்டன் ஆக வேண்டுமாம். நாங்கள் கிரீன் கார்டில் இருக்கிறோம், குடியுரிமை இல்லை. முடியுமா?
வாசகர், வர்ஜீனியா

பதில்: முடியும். படகு அதிகாரி லைசென்ஸ்கள் எல்லாம் அமெரிக்கக் குடிமக்களுக்கு என்றாலும் இந்த ஆறு பேர் லைசென்ஸுக்கு விலக்கு உண்டு. குடியுரிமை இல்லாதவருக்கு, கூட்டாட்சி ஆவணப் பதிவு இல்லாத படகுகளுக்கு மட்டும் என்று வரம்பு போட்டுத் தருவார்கள். மாநிலப் பதிவு எண் மட்டும் உள்ள சிறு படகுகள் அதில் அடங்கும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மொத்தம் 360 நாள், அதில் 90 நாள் கடைசி மூன்று ஆண்டுக்குள். கயிறு கட்டுகிற, பயணிக்கு மிதவை அங்கி மாட்டிவிடுகிற டெக்ஹேண்டின் நாளும் நாள்தான்.

அவளுக்கு இன்றே ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். படகை விட்டு இறங்கியதும், வீட்டுக்கு வருகிற வழியிலேயே, தேதி, படகு, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், எங்கே போனார்கள், யார் கேப்டன் என்று ஒரு வரி எழுதட்டும். செப்டம்பரில் பள்ளி திறப்பதற்கு முன் சிஜி-719எஸ் ஒன்றை நிரப்பி, அந்த ஒரு கோடைக்கு மட்டும், உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள். அடுத்த கோடையில் அந்தப் படகு யாரிடம் இருக்குமோ.