காந்தத் துகளும் அதன் மேற்பூச்சும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்துகிறேன். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான கீமோதெரபி நடந்துவருகிறது. மருந்தை மிக நுண்ணிய இரும்புத் துகள்களில் ஏற்றி, உடம்புக்கு வெளியே வைத்த காந்தத்தால் கட்டி இருக்கும் இடத்துக்கே இழுத்துவிடலாம் என்று படித்தேன். காந்தத்தோடு புழங்குகிறவன் என்பதால் எளிதில் நம்ப முடியவில்லை. துகளுக்குப் பூச்சு வேறு பூசுகிறார்களாமே, எதற்கு?
— ஒரு வாசகர், கணபதி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. பெரும்பாலும் பயன்படுத்தப்படுவது மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. அதை ஏறத்தாழ 10 முதல் 20 நானோமீட்டர் வரையிலான மணிகளாகத் தயாரிக்கும்போது, காந்தப்புலம் இருக்கும்வரை காந்தமாக நடந்துகொண்டு, புலம் நீங்கியவுடன் அந்தத் தன்மையை இழந்துவிடும் இயல்பு அவற்றுக்கு வந்துவிடுகிறது. இந்த இயல்பு இல்லையென்றால் அவை ஒன்றையொன்று இழுத்துத் திரண்டு இரத்தக்குழாயை அடைத்துவிடும்.

பூச்சில்லாத துகள் இரத்தத்தில் கலந்த சில நிமிடங்களிலேயே புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்ள, கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் அதை அந்நியப் பொருளாகக் கண்டு விழுங்கிவிடுகின்றன. டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைப் பொருள், பாலிஎத்திலீன் கிளைக்கால், சிலிக்கா போன்றவற்றைப் பூசினால் இது தாமதப்படும், அடியோடு நின்றுவிடாது. மருந்தைப் பிணைப்பதற்கான இடமும் அந்தப் பூச்சுதான். கட்டியைச் சுற்றியுள்ள பகுதி சற்றே அமிலத்தன்மை உடையது என்பதால், அமிலத்தில் அறுபடும் வேதிப்பிணைப்பின் மூலம் டாக்ஸோரூபிசின் போன்ற மருந்தைக் கோத்து வைத்தால், அது பெருமளவு அங்கே போய்ச் சேர்ந்த பின்னரே விடுபடும்படி செய்யலாம். செய்திகளில் காந்தத்துக்கே பெயர் கிடைக்கிறது. என் கணிப்பில் இந்த முறையின் வெற்றி தோல்வியை முடிவு செய்யப்போவது பூச்சுதான்.

காந்தம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். துகளின்மேல் செயல்படும் விசை அதன் பருமனையும், புலத்தின் வலிமை இடத்துக்கு இடம் எவ்வளவு சடுதியாக மாறுகிறது என்பதையும் பொறுத்தது. இரண்டுமே இங்கே நமக்குச் சாதகமாக இல்லை. தமனியில் பாயும் இரத்தம் துகளை அடித்துக்கொண்டு போகிறது. வெளியில் வைத்த நிலைக்காந்தத்தின் புலத்தை உடலுக்குள் ஆழமான ஒரு புள்ளியில் உச்சமாகக் குவிக்கவும் முடியாது. காந்தத்துக்கு அருகிலுள்ள பக்கத்தில்தான் அது வலுவாக இருக்கும். ஆகவே தோலை ஒட்டிய கட்டிகளுக்கு வாய்ப்பு உண்டு. நுரையீரலின் நடுவில் உள்ளதற்கு மிகக் கடினம். மனிதரில் முதல் சோதனை 1996-இல் வெளியானது. எபிரூபிசின் மருந்தைச் சுமந்த துகள்களை ஜெர்மனியில் 14 நோயாளிகளுக்குச் செலுத்தியபோது, ஏறத்தாழ பாதிப்பேரில் அவை கட்டியைச் சென்றடைந்தன, கல்லீரலிலும் சேர்ந்தன. நானோ துகள்கள் குறித்த விலங்கு ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி 2016-இல் வெளியிடப்பட்ட கணக்கீட்டில், செலுத்திய அளவில் கட்டியை அடைந்தது இடைநிலை மதிப்பாக வெறும் 0.7 விழுக்காடு.

எனவே அக்காவின் கீமோதெரபியை இதற்காகக் காத்திருந்து ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். காந்தம் இல்லாத நானோ மருந்து ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது: டாக்ஸோரூபிசினைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த லிப்போசோம் வகைக்கு அமெரிக்காவில் 1995-இலேயே அனுமதி கிடைத்தது. இதயத்துக்கு அந்த மருந்தால் வரும் பாதிப்பை அது குறைக்கிறது. அவருக்கு அது பொருந்துமா என்பதைச் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: மருந்து போய்ச் சேர்ந்த பிறகு அந்த இரும்பு உடம்பிலேயே தங்கிவிடாதா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தங்கும், ஆனால் துகளாகத் தங்காது. கல்லீரல், மண்ணீரல் செல்கள் அதைக் கரைத்து உடலின் இரும்பு இருப்போடு சேர்த்துவிட, பிறகு அது ஹீமோகுளோபின் உருவாக்கத்துக்குப் பயன்படுகிறது. சர்க்கரைப் பொருள் பூசிய இரும்பு ஆக்சைடான ஃபெருமாக்ஸிடால், சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு அமெரிக்காவில் 2009-இல் அனுமதி பெற்றதே இதற்குச் சான்று. கடுமையான ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கை அதற்கு உண்டு. சில வாரங்களுக்கு, சிலசமயம் மூன்று மாதம்வரை, எம்ஆர்ஐ படத்தை அது மாற்றிக் காட்டலாம் என்பதால் ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: அப்பிச்சிக்குக் குடல் புற்றுநோய். வீடு தேடி வந்த ஒருவர் காந்தப் பட்டை ஒன்றைக் காட்டி, இதுவும் அதே நானோ முறைதான் என்கிறார். வாங்கலாமா?
— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாம். இழுக்கத் துகளும் இல்லை, இறக்க மருந்தும் இல்லை. இரத்தத்தில் உள்ள இரும்பைப் பட்டை இழுக்கும் என்பதும் உண்மையன்று. அப்பிச்சிக்கு பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் காந்தம் அதைக் குழப்பவும் கூடும். பிற்காலத்தில் எந்த மருத்துவமனையாவது காந்தத் துகள் சிகிச்சையைச் சோதனையாகத் தர முன்வந்தால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதற்குரிய எண், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தமிழில் எழுதிய சம்மதப் படிவம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.