இவ்வளவு நல்ல மனிதருக்குள் ஏன் இந்த வெறுப்பு?

அண்ணா, வணக்கம்.

உங்கள் தளத்தை ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. பெயர் போட வேண்டாம். என் அக்கா மகனுக்கு 27 வயது. அக்காவுக்கும் அத்தானுக்கும் ஷிஃப்ட் வேலை என்பதால் சின்ன வயதில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பான். நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போனது, பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) சமயத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் என் வீட்டுக்காரர்தான். போன வருடம் அவன், தான் ஒரு கே, அதாவது ஆண்களை விரும்புகிறவன் என்று குடும்பத்தில் சொன்னான். அன்றிலிருந்து இவர் அவனோடு பேசுவதில்லை. தீபாவளிக்கு அவன் வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்றார், நானும் கூப்பிடவில்லை.

இவருக்கு 58 வயது. கெட்டவர் இல்லை. கோயிலில் தொண்டூழியர், தைப்பூசம் வந்தால் வீட்டிலேயே இருக்க மாட்டார். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியை டயாலிசிசுக்குக் கூட்டிப் போகிறவர். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடுகிறது. “இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது” என்கிறார், “நினைச்சாலே அருவருப்பா இருக்கு” என்கிறார், “நாம எங்க தப்புப் பண்ணினோம்” என்றும் கேட்கிறார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. இவ்வளவு நல்ல மனிதருக்குள் இது எப்படி வந்தது என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கணவரைக் கெட்டவர் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று புரிந்துகொள்வது வேறு, சரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவது வேறு. அவர் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று நீங்களும் நானும் அலசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அந்தப் பையன் உங்கள் வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறான்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்ற பேச்சுக்குப் பதில் சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். ஆணை ஆண் விரும்புவது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருந்ததுதான். கப்பலேறி வந்தது அதைக் குற்றமாக்கிய சட்டம். 1860-ல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தை வைத்துத்தான் 1871-ல் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் சட்டம் செய்தார்கள், 377-ஆம் பிரிவு அதோடு வந்தது. அது போதாதென்று 1938-ல் 377ஏ பிரிவைச் சேர்த்தார்கள், ஆண்களுக்கு மட்டும், இரண்டு ஆண்டு வரை சிறை. அதற்கு மூலம் 1885-ல் பிரிட்டன் தன் நாட்டில் போட்ட சட்டம். அந்த இங்கிலாந்தே 1967-ல் அதைத் தளர்த்திவிட்டது. நாம் 2007-ல் நாடாளுமன்றத்தில் விவாதித்து 377-ஐ எடுத்துவிட்டு 377ஏ-வை மட்டும் வைத்துக்கொண்டோம், முனைந்து அமல்படுத்த மாட்டோம் என்று அரசாங்கம் சொன்னது, ஆனாலும் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 2022 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்து, நவம்பர் 29-ல் நாடாளுமன்றம் வாக்களித்து, 2023 ஜனவரி 3-ல்தான் அது போனது.

உங்கள் கணவரின் வயதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐம்பது வருடங்களுக்கு மேல், ஒரு ஆண் இன்னொரு ஆணோடு உறவுகொண்டால் அது குற்றம் என்று சொல்லும் நாட்டில் பள்ளிக்கூடம் போய், தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) செய்து, வேலை பார்த்து, கல்யாணம் கட்டியவர். அவர் பார்த்து வளர்ந்த தமிழ்ப் படங்களில் அப்படி ஒருவர் வந்தால் பெரும்பாலும் சிரிப்பு மூட்டத்தான் வருவார். மார்க்கெட்டுக்குப் போய், சிபிஎஃப் (மத்திய சேமநிதி) கணக்குப் பார்த்து, வயதான அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிற ஒரு சாதாரண கே மனிதரை அவர் தெரிந்தே சந்தித்தது உங்கள் அக்கா மகனைத்தானாக இருக்கும். அதுவும் அந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சு நின்றுபோய்விட்டது.

அடுத்தது அருவருப்பு. இதை அவர் நடிக்கவில்லை, உடம்பிலேயே தோன்றுகிற உணர்ச்சி அது. எளிதில் அருவருப்படைகிறவர்களுக்குத் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் மேல் விலக்கம் கூடுதலாக இருக்கிறது என்று உளவியல் ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் அருவருப்பு எது சரி எது தவறு என்று சொல்லும் அளவுகோல் ஆகாது. சைவ வீட்டிலிருந்து வந்தவருக்கு பிளாச்சான் (இறால் விழுது) வறுக்கிற வாடை பட்டாலே குமட்டும்; அதற்காக எதிர்வீட்டுக்காரரிடம் யாரும் முகம் கொடுக்காமல் இருப்பதில்லை, பத்து வருடம் பக்கத்தில் குடியிருந்தால் குமட்டலும் பழகிப்போகிறது. அதோடு, கே என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்குப் படுக்கையறை மட்டும்தான் மனதில் வருகிறது. உங்களையும் உங்கள் கணவரையும் பார்க்கும்போது யாரும் அதை நினைப்பதில்லையே.

எனக்கு முக்கியமாகப் படுவது இவை இரண்டும் இல்லை. அவரிடம் இருப்பதில் பெரும்பங்கு பயம் என்று நினைக்கிறேன். அந்தப் பையனைப் பார்த்து வருகிற பயம் அல்ல, மற்ற ஆண்களைப் பார்த்து வருகிற பயம்.

கிரகரி ஹெரெக் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த விஷயத்தைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். பெண்களைவிட ஆண்களுக்குத்தான் இந்த வெறுப்பு அதிகம், அதிலும் பெண்ணை விரும்பும் பெண்களைவிட ஆணை விரும்பும் ஆண்கள் மேல்தான் ஆண்களின் கோபம் கூடுதலாகப் பாய்கிறது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. நம் 377ஏ பிரிவும் ஆண்களைத்தான் பிடித்தது, பெண்களைத் தொடவே இல்லை. ஏன் அப்படி என்பதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை படிக்க வேண்டியதில்லை, நம்மூர்ப் பையன்கள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

நானும் தேசிய சேவை செய்தவன்தான். நாங்கள் சேர்ந்து தங்கும் படுக்கை அறையில், எங்கள் பங்க்கில், ஒரு பையன் குளித்துவிட்டு வந்ததும் முகத்துக்கு கிரீம் தடவுவான், சட்டையை மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைப்பான், அவ்வளவுதான். ஒருவன் அதைப் பார்த்து “ஆ குவா” என்பான், இன்னொருவன் “பொண்டான்” என்பான், தமிழ்ப் பையன்கள் “ஒம்போது” என்பார்கள், எல்லாம் ‘பெண்தன்மை உள்ளவன்’ என்று கேலி செய்கிற வசைச் சொற்கள், பங்க்கே சிரிக்கும். சிரிக்கிறவர்களின் கண்களைக் கவனித்தால் தெரியும், ஒருவரும் அவனைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே சிரிப்பார்கள். யார் சிரிக்கவில்லை என்ற கணக்கெடுப்பு அது. சிரிக்காதவன் மேல் அடுத்த சந்தேகம் விழும். அதனால் தாமதமாகச் சிரித்தவன் கொஞ்சம் சத்தமாகவே சிரிப்பான். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பள்ளித் திடலில் ஆரம்பிக்கிற இந்தப் பழக்கம், நீ எங்களில் ஒருவன்தானா என்று யாரோ எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற உணர்வை ஆணுக்குள் ஆழமாக இறக்கிவிடுகிறது. ஐம்பத்தெட்டு வயதிலும் அது அவ்வளவு சீக்கிரம் போய்விடாது.

இதற்கு மேல் நாம் இங்கே சிறிய சமூகம். கோயிலில் யார் மகன் என்ன செய்கிறான், யார் மகள் யாரைக் கட்டினாள் என்று எல்லாருக்கும் தெரியும். உங்கள் கணவருக்கு வெளியே உள்ள மரியாதை முழுக்க அந்தக் கோயில் வட்டத்தில்தான் இருக்கிறது என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவர் நினைக்கும்போது, அந்த நாலு பேருக்கும் முகம் இருக்கிறது, அவர்களோடுதான் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குப் பந்தி பரிமாறுகிறார்.

அப்புறம், அவர் சொன்னதிலேயே என்னை நிறுத்தியது அந்த மூன்றாவது வாக்கியம்தான். “நாம எங்க தப்புப் பண்ணினோம்.” நாம என்கிறார் பாருங்கள். பெற்ற அப்பாவைவிட அதிக நேரம் அந்தப் பையனோடு இருந்தவர். வளர்ப்பினால்தான் ஒருவன் இப்படி ஆகிறான் என்று நம்புகிறவருக்கு, அந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் தன்மேலேயே ஒரு குற்றச்சாட்டைப் பார்ப்பதுபோல இருக்கும். அந்த வலியைத்தான் அவர் கோபமாகக் காட்டுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அவருக்குத் தெரிய வேண்டியது இது. வளர்ப்பு முறையால் ஒருவர் தன்பாலீர்ப்பு உள்ளவராக ஆகிறார் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2019-ல் கிட்டத்தட்ட ஐந்து இலட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள், இதுதான் காரணம் என்று ஒற்றை மரபணு எதுவும் கிடைக்கவில்லை, பலவற்றின் சிறிய சிறிய பங்கு தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. யாரும் தப்புப் பண்ணவில்லை. நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போன சித்தப்பா நல்லதைத்தான் செய்தார். இதை யாராவது அவரிடம் சொல்லியிருக்கிறார்களா?

மதத்தைக் காட்டி மறுக்கிறவர்களும் உண்டு, உங்கள் கணவர் அதைச் சொல்லவில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

மாற முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதற்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி, வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்து, பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுமையாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து 2021 ஜூனில் உத்தரவு எழுதினார். இயல்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை நடத்துவதைத் தடை செய்தார். அதே வழக்கில் அந்தப் பெண்களின் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார்கள். சமூகம் என்ன சொல்லும், குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதுதான் பெற்றோரின் பெரிய கவலை என்று அறிக்கை வந்தது, மகள்கள் பத்திரமாக இருப்பார்களா என்ற கவலையும் இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெற்றோர்மேல் கோபம் வரவில்லை. உங்கள் கணவரின் நிலையும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

தெரிந்த ஒருவரோடு பழகப் பழக முன்முடிவு தளர்கிறது என்று 1954-ல் கார்டன் ஆல்போர்ட் எழுதினார், பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே சொல்கின்றன. ஆனால் தயவுசெய்து உங்கள் கணவரைத் திருத்துகிற வேலையை அந்தப் பையன் தலையில் கட்டாதீர்கள். சோபாவில் உட்கார்ந்து குத்தல் பேச்சைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள அவன் வர வேண்டியதில்லை. பழகுவதற்கான சூழலை உண்டாக்குவது பெரியவர்கள் வேலை, அதாவது உங்கள் வேலை.

அவரிடம் வாதாட வேண்டாம். சட்டத்தையும் மரபணுவையும் நான் எழுதியது உங்கள் மனத் தெளிவுக்காக. அதை அவர்முன் அடுக்கினால் இன்னும் இறுகித்தான் போவார். இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, அவர் கோபமாக இல்லாதபோது, “இதுல உங்க தப்பு எதுவும் இல்லை” என்று சொல்லிவிட்டு, “கோயில்ல யார் கேட்பாங்கன்னு பயப்படுறீங்க?” என்று கேளுங்கள். பதில் வராமல் போகலாம். விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள்.

அதற்கு முன்னால், இந்த வாரமே, அக்கா மகனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவன் எங்கே தங்கியிருக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. கல்யாணமாகாதவர் வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும், அதனால் இந்த ஊரில் அவன் வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் பெற்றோர் வீட்டில்தான் இருக்கிறார்கள், சொந்தக்காரர் வீடுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டால் போக வேறு இடம் கிடையாது. வெளியே எங்காவது சாப்பிட அழைத்துப் போங்கள். தீபாவளிக்கு ஏன் கூப்பிடவில்லை என்பதை மழுப்பாமல் சொல்லுங்கள், அடுத்த தீபாவளிக்கு நீ வருகிறாய் என்பதையும் சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் கணவர் வெளியே போவேன் என்றால் போகட்டும், அது அவர் முடிவு. குடும்பமாக யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் ஊகாச்சாகா என்ற ஆலோசனை அமைப்பு இங்கே பல வருடங்களாக இயங்குகிறது, குடும்பத்தினரும் அணுகலாம்.

அவன் என்ன சொன்னான் என்று, முடிந்தால், எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்